வழிவந்த புதுமை

நுழையும்முன்

புதுமை என்பது முன்னோர் எவரிடமிருந்தும் எதையும் பெறாமல் படைப்பதா? பெற்றதைத் தனக்கே உரிய முறையில் மாற்றிப் படைப்பதா? கவிதைக்கும் கதைக்கும் மட்டுமன்றி, நாம் ஆடும் விளையாட்டுகளுக்கும் இவ்வினா பொருந்தும். தமிழ் இலக்கண நூலார் வகுத்த நூல்வகைகளைத் துணையாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள், 32 காய்கள். வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர் முதல் நகர்வில் செய்யக்கூடியவை 20 மட்டுமே. எட்டுச் சிப்பாய்களுள் ஒவ்வொன்றையும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ முன்னேற்றலாம். இரண்டு குதிரைகளுள் ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களுள் ஒன்றுக்குத் தாவச் செய்யலாம். கறுப்புக் காய்களுடன் ஆடுபவருக்கும் அவ்வாறே 20 நகர்வுகள் உண்டு. ஆகவே, இருவரும் ஒருமுறை நகர்த்தி முடிக்கும்போது பலகையில் 400 வெவ்வேறு நிலைகள் தோன்றக்கூடும். ஆட்டம் மேலும் சில நகர்வுகளைக் கடந்தபின், உலகில் இதற்குமுன் எவரும் கண்டிராத ஒரு நிலை நம் கண்முன் விரிந்திருக்கலாம்.

தேர்ந்த ஆட்டக்காரர் தம் தொடக்க நகர்வுகளைத் தாமே கண்டுபிடிப்பதில்லை. பல தலைமுறையினர் ஆடித் தேர்ந்து எழுதிவைத்த தொடக்க முறைகளை மனத்தில் பதித்துக்கொண்டே அவர் பலகையின்முன் அமர்கிறார். அதனை எவரும் திருட்டு என்று கூறுவதில்லை. கல்வி என்றே கூறுகின்றனர். ஆயினும், ஓரிடத்தில் அவர் கற்ற பாதை முடிவடைகிறது. அங்கிருந்து அவர் வைக்கும் அடி அவருடையது. அந்த அடி நன்றாயினும் தீதாயினும் அதற்குப் பொறுப்பேற்பவர் அவரே. கற்றதன் எல்லையில் நின்று தாமே எடுத்துவைக்கும் இவ்வடியே புதுமையின் தொடக்கம்.

முதல்நூல், வழிநூல், சார்புநூல்

கி.பி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டும் இலக்கணம் கூறி அமையவில்லை. நூல் என்பது யாது, அதனை இயற்றுவோர் எவ்வாறு இயற்ற வேண்டும் என்பனவற்றையும் அதன் பாயிரம் விளக்குகிறது. அங்கு நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தப்படுகின்றன.

வினைகளினின்று நீங்கிய தூய அறிவினை உடைய இறைவன் அருளியதே முதல்நூல் என்பது அந்நூல் தரும் விளக்கம். மனிதர் எவரும் 'யான் முற்றிலும் முதலாவதாகப் படைத்தேன்' என்று எளிதில் உரிமை கொண்டாட முடியாதவாறு இவ்விளக்கம் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. மனிதர் படைப்பவை பெரும்பாலும் வழிநூல்களும் சார்புநூல்களுமேயாகும். வழிநூல், முன்னோர் நூலின் முடிவுகளோடு ஒத்துச் செல்வது. எனினும், பின்னே வந்த ஆசிரியர் தாம் விரும்பும் வேறுபாடுகளையும் அதில் சேர்த்துக் கூறுவார். சார்புநூல், முன்னைய நூல்களோடு ஒரு பகுதியில் மட்டும் ஒத்துப் பெரும்பகுதியில் வேறுபட்டு நிற்பது.

வழிநூல் என்பது படியெடுத்த நூலன்று என்பதனை இங்கு உளங்கொள்ள வேண்டும். பின்னோர் விரும்பிச் சேர்க்கும் வேறுபாடு வழிநூலின் இலக்கணத்திலேயே இடம்பெற்றுள்ளது. வேறுபாடு சிறிதும் இல்லாத நூலை வழிநூல் எனக் கொள்ள இவ்விலக்கணம் இடம்தரவில்லை.

முன்னோர் கருத்தை ஒரு நூலாசிரியர் எவ்வெவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதனையும் நன்னூல் ஏழு மதங்களாகத் தொகுத்துரைக்கிறது. இங்கு மதம் என்பது கொள்கை எனப் பொருள்படும். பிறர் கருத்துக்கு உடன்படலாம், அதனை மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களையலாம், தானே ஒரு பொருளை எடுத்துக்கூறி நிலைநாட்டலாம், இருவர் மாறுபட்டு நிற்குமிடத்து ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராது தன் கொள்கையையே மேற்கொள்ளலாம். இவ்வேழனுள் எதனைச் செய்வதற்கும் முன்னோர் கூறியதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அறியாத ஒன்றினை மறுக்கவும் இயலாது. அதனின்று விலகி நிற்கவும் இயலாது. எனவே, முன்னோரைக் கல்லாமை புதுமைக்கு வழியாகாது.

கம்பர் செய்த மாற்றம்

வழிநூலின் ஆற்றலுக்குக் கம்பராமாயணம் சிறந்த சான்றாகும். இராமன் கதையை வடமொழியில் இயற்றியோர் மூவருள் முதலாமவரைப் பின்பற்றியே தாம் பாடுவதாகக் கம்பர் தம் பாயிரத்தில் குறிப்பிடுகிறார். அவர் குறித்தது வான்மீகியை என்பர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கமும் கூறுகிறார். கதை தம்முடையதன்று என்பதனை நூலின் வாயிலிலேயே அறிவித்துவிட்டவர் அவர்.

ஆயினும், உள்ளே நுழைந்தால் நாம் காண்பது கம்பர் உலகம். வில் முறிவதற்கு முன்பே மிதிலையின் வீதியில் நின்ற இராமனும் மாடத்தில் நின்ற சீதையும் ஒருவரையொருவர் கண்டு காதல் கொள்ளும் காட்சி வான்மீகத்தில் இல்லை. ஒத்த தலைவனும் தலைவியும் எதிர்ப்பட்டு அன்பு கொள்ளும் தமிழ் அகமரபிலிருந்து கம்பர் அதனைப் பெற்றார். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தன் கைகளால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரோ, சீதையைத் தீண்டாமல், அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்வதாக அமைக்கிறார். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தையும் சேர்த்து, தன் தமையனுக்கு அறிவுரை கூறும் வீடணன் வாயிலாக அதனைச் சொல்லச் செய்கிறார்.

இம்மாற்றங்கள் வேறுபாட்டுக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. தாம் பாடும் மொழியின் மரபு, தம்மைக் கேட்போரின் உள்ளம், தாம் படைக்கும் மாந்தரின் பண்பு ஆகிய மூன்றையும் கருதிச் செய்யப்பட்டவை. பிறரிடமிருந்து பெற்ற கதையில் எதனை வைத்துக்கொள்வது, எதனை மாற்றுவது, எதனைச் சேர்ப்பது என்று தேர்ந்து தெளியும் திறனே கம்பரின் புதுமை. கதை முன்பே இருந்ததனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை.

விதிக்குள் விளையும் புதுமை

விளையாட்டுகளிலும் இதனைக் காணலாம். இந்திய மண்ணில் தோன்றிய சதுரங்கம், யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையால் பெயர் பெற்றது. அது பாரசீகம் சென்று, அரபு நாடுகள் வழியே ஐரோப்பாவை அடைந்தது. பழைய ஆட்டத்தில் அரசனுக்கு அருகில் நின்ற அமைச்சர், மூலைவிட்டமாக ஒரு கட்டம் மட்டுமே நகரக்கூடிய வலிமை குன்றிய காயாக இருந்தார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அக்காயை அரசியாக்கி, எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் ஆற்றலை அதற்கு அளித்தனர். பலகையும் காய்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆயினும், மெல்ல நகர்ந்த ஆட்டம் விரைவு கொண்டது, பழைய தொடக்க முறைகள் பயனற்றுப் போயின, புதியவை தோன்றின. ஒரு காயின் நகர்வில் செய்த மாற்றம் ஆட்டம் முழுவதையும் மாற்றிவிட்டது.

விதிகளை மாற்றாமலும் புதுமை செய்யலாம் என்பதற்கு உயரம் தாண்டுதல் சான்று பகரும். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்க வீரர் டிக் பாஸ்பரி, கோலுக்கு முதுகைக் காட்டியவாறு, தலை முன்னே செல்லத் தாண்டி, 2.24 மீட்டர் உயரத்தைக் கடந்து தங்கப் பதக்கம் வென்றார். அக்காலத்து முன்னணி வீரர்கள் பெரும்பாலும் வயிற்றுப்பக்கம் கீழ்நோக்கியிருக்கக் கோலைக் கடந்தனர். ஒற்றைக் காலால் உந்தி எழ வேண்டும் என்பதே விதி; எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று அது கூறவில்லை. விதி கூறாது விட்ட இடத்தைப் பாஸ்பரி கண்டுகொண்டார்.

அவர் முறையும் வெறுமையில் பிறந்ததன்று. பழைய கத்தரிக்கோல் முறையில் தாண்டப் பழகியவர் அவர். அதனைச் சிறிது சிறிதாக மாற்றியே இம்முறையை அடைந்தார். மணலிலும் மரத்தூளிலும் விழ வேண்டியிருந்த காலத்தில் முதுகுப்பக்கமாக விழுவது பேரிடர். நுரைமெத்தைகள் வந்தபின்னரே அது பாதுகாப்பானது. அதே காலத்தில் கனடா நாட்டு வீராங்கனை டெபி பிரில், பாஸ்பரியைப் பின்பற்றாமலேயே இதனை ஒத்த ஒரு முறையைத் தாமே உருவாக்கிக்கொண்டார். இருவருள் ஒருவர் மற்றவரைப் படியெடுக்கவில்லை. ஆதலால் இருவரும் புதுமை செய்தவர்களே. உலகில் முதலாவதாக வருதல் வேறு, தன் முயற்சியால் கண்டடைதல் வேறு என்பதனை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நம் இசையரங்குகளிலும் இத்தகைய புதுமை நாள்தோறும் நிகழ்கிறது. கீர்த்தனை ஒருவர் இயற்றியது. இராகத்தின் இலக்கணம் வழிவழியாக வந்தது. அவற்றை மீறாமல் ஒவ்வொரு பாடகரும் நிரவலிலும் கற்பனைச் சுரத்திலும் தமக்கே உரிய வழியைக் காண்கின்றனர்.

மறைக்கப்பட்ட பெயர்

பெறுவது குற்றமன்று. பெற்றதை மறைப்பது எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்பதனை உலகெங்கும் ஆடப்படும் ஒரு பலகை விளையாட்டின் வரலாறு காட்டுகிறது.

நிலங்களை வாங்கி, வாடகை பெற்று, எதிராளிகளைப் பொருளிழக்கச் செய்யும் 'மோனோபோலி' விளையாட்டு 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்தால் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. அதனைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்றும், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையிழந்து வாடிய அவர் தம் வீட்டில் அமர்ந்து அதனை உருவாக்கினார் என்றும் பரப்பப்பட்டது. டாரோ பெருஞ்செல்வரானார்.

உண்மை வேறு. சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய எலிசபெத் மகீ என்னும் பெண்மணி, 'நிலக்கிழார் விளையாட்டு' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி, 1904ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சுற்றிவரும் பாதை, விலைக்கு வாங்கும் நிலங்கள், வாடகை, இருப்புப் பாதைகள், சிறைச்சாலை ஆகியன அதிலேயே இருந்தன. நிலம் சிலர் கையில் குவிவதனால் மற்றையோர் எவ்வாறு வறியவராகின்றனர் என்பதனை விளையாட்டின் வாயிலாக உணர்த்துவதே அவர் நோக்கம். நிலத்தின் பயன் அனைவருக்கும் உரியது என்ற பொருளியல் அறிஞர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையைப் பின்பற்றியவர் அவர். ஒருவரே அனைத்தையும் கைப்பற்றும் விதிகளும், ஒருவர் பெறும் செல்வத்தால் அனைவரும் பயன்பெறும் விதிகளும் என இருவகை விதிகளில் அவ்விளையாட்டு ஆடப்பட்டது.

அது கைக்குக் கை மாறிப் பரவியது. ஆடியவர்கள் தம் வீட்டிலேயே பலகை வரைந்து, தத்தம் ஊர்த் தெருக்களின் பெயர்களை எழுதிக்கொண்டனர். அட்லாண்டிக் சிட்டி நகரத்தார் தம் தெருப்பெயர்களை எழுதிய பலகை நண்பர் ஒருவர் வழியாக டாரோவை வந்தடைந்தது. அவர் அதன் தோற்றத்துக்கு மெருகூட்டித் தம் கண்டுபிடிப்பாக விற்றார். பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 500 டாலர் கொடுத்து மகீயின் காப்புரிமையையும் வாங்கிக்கொண்டது. விற்பனையில் பங்கு எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. 1948ஆம் ஆண்டு மகீ மறைந்தபோது, கோடிக்கணக்கானோர் அறிந்த விளையாட்டின் மூலம் அவருடையது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1970களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியர், தாம் உருவாக்கிய வேறொரு விளையாட்டின் பெயர் குறித்து எழுந்த வழக்குக்காகப் பழைய பலகைகளைத் தேடியபோது இவ்வரலாறு வெளிப்பட்டது. சிறியதொரு பிழையும் அதற்குச் சான்றாயிற்று. அட்லாண்டிக் சிட்டியை அடுத்துள்ள பகுதி ஒன்றின் பெயர் 'மார்வென் கார்டன்ஸ்'. டாரோவுக்கு முன்னர்ப் பலகை வரைந்த நண்பர் அதனை 'மார்வின் கார்டன்ஸ்' எனப் பிழையாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் அதே பிழை இருந்தது. தானே கண்டறிந்ததாகக் கூறியவரை, அவர் படியெடுத்த பிழையே காட்டிக்கொடுத்தது.

கம்பரும் பிறர் படைப்பைப் பெற்றார், டாரோவும் பெற்றார். கம்பர் தாம் பெற்ற இடத்தைச் சொன்னார், புதியன சேர்த்தார். டாரோ பெற்ற இடத்தை மறைத்தார். சேர்த்ததோ தோற்றத்தளவில் நின்றது. இழப்பு மகீயின் பொருளோடு முடியவில்லை. நிலக்குவிப்பின் தீமையைக் காட்ட அவர் அமைத்த விளையாட்டு, அதனையே வெற்றியெனக் கொண்டாடும் விளையாட்டாக உலகில் நிலைபெற்றது. படைத்தவர் பெயர் மறையும்போது அவர் கருதிய பொருளும் மறைந்துவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. கருத்து வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே பதிப்புரிமை உண்டு என்பதனை 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு நாடகமும் திரைப்படமும் தொடர்பான வழக்கில் தெளிவுபடுத்தியது. உழைப்பும் பொருட்செலவும் மட்டும் ஒரு படைப்பைச் சொந்தப் படைப்பாக்கிவிடா. அதில் படைத்தவரின் திறனும் தேர்ந்து தெளியும் அறிவும் இருத்தல் வேண்டும் என 2007ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாடும் முறைக்குக் காப்புரிமை வழங்க, 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் இடமளிப்பதில்லை.

இயந்திரம் கற்பித்த பாடம்

2016ஆம் ஆண்டு மார்ச் திங்களில் தென்கொரியத் தலைநகர் சியோலில் ஒரு போட்டி நடைபெற்றது. 'கோ' என்பது கிழக்காசியாவில் மிகப் பழங்காலந்தொட்டு ஆடப்படும் பலகை விளையாட்டு. அதில் உலகப் புகழ்பெற்ற லீ செடோலும் 'ஆல்பாகோ' என்னும் கணினி நிரலும் மோதினர். இரண்டாம் ஆட்டத்தின் 37ஆம் நகர்வாக ஆல்பாகோ வைத்த கல், அத்தகைய நிலையில் தேர்ந்த ஆட்டக்காரர் எவரும் வைக்க எண்ணாத இடத்தில் அமைந்தது. மனிதர் ஒருவர் அந்நகர்வைத் தேர்வதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என அந்நிரலே கணித்திருந்தது. முதலில் பிழையென எண்ணப்பட்ட அந்நகர்வு பின்னர் வெற்றிக்கு வழிவகுத்தது.

அவ்வியந்திரமும் மனிதர் ஆடிய எண்ணற்ற ஆட்டங்களிலிருந்தே முதலில் கற்றது. பின்னர்த் தன்னோடு தானே ஆடித் தேர்ந்தது. அதன் புதுமையும் வழிவந்த புதுமையே. நான்காம் ஆட்டத்தில் லீ செடோல் தம் 78ஆம் நகர்வால் அதனைத் திகைக்கச் செய்து வென்றார். ஐந்து ஆட்டங்களுள் அவர் வென்றது அஃது ஒன்றே. மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றபின், உலகமே நோக்கியிருக்க, மீண்டும் பலகையின்முன் அமர்ந்து துணிந்து வைத்த கல் அது. தவறினால் தோல்வியும் நாணமும் அவருடையவை. இயந்திரத்துக்கு அவ்விரண்டும் இல்லை. தன் நகர்வுக்குத் தானே பொறுப்பேற்கும் துணிவு மனிதர்க்கே உரியது.

பெயருக்குரிய பொறுப்பு

இன்று ஒரு கட்டுரையையோ கவிதையையோ நொடிப்பொழுதில் எழுதித்தரும் கருவிகள் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. பிறர் எழுதியதைப் பெயர் மாற்றித் தன்னுடையதாகக் காட்டுவதும் எளிதாகிவிட்டது. இந்நிலையில், தன் பெயரை ஒரு படைப்பின் கீழ் எழுதும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும். இதில் நான் பிறரிடமிருந்து பெற்றது எது? அதனை எவரிடமிருந்து பெற்றேன் என்று சொல்லியிருக்கிறேனா? நான் மாற்றியதும் சேர்த்ததும் எவை? ஏன் அவ்வாறு செய்தாய் என்று ஒருவர் கேட்டால் என்னால் விடைகூற முடியுமா?

இறுதி வினாவுக்கு விடை கூற இயலாதவர், அழகிய படைப்பொன்றைக் கையில் வைத்திருந்தாலும் அது அவருடையதாகாது. விடை கூற வல்லவர் எழுதியது எளியதோர் பத்தியாயினும் அஃது அவருடையதே. பழைய கோலத்தைப் பார்த்துப் பழகும் சிறுமி, ஒருநாள் அதே புள்ளிகளின்மேல் ஓர் இழையை வேறு பக்கம் வளைக்கிறாள். புள்ளி வைக்கக் கற்றுத் தந்தவர் பாட்டி. வளைத்த கை அவளுடையது. இரண்டையும் அவள் மறவாமல் சொல்வாளாயின், அவள் படைப்பாளி.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் ஆடும் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ஊரில் அதன் விதிகள் எவ்வாறு மாறுபடுகின்றன என்பதனை மூத்தோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. நன்கறிந்த நாட்டுப்புறக் கதை ஒன்றில் ஒரே ஒரு நிகழ்வை மாற்றி எழுதுக. எதனை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதனையும் ஒரு பத்தியில் குறிப்பிடுக.

3. நன்னூல் கூறும் ஏழு மதங்களுள் ஏதேனும் மூன்றினை, வகுப்பில் நடைபெற்ற கலந்துரையாடல் ஒன்றோடு பொருத்திக் காட்டுக.

4. 'முன்னோரைப் படியெடுத்துப் பழகுவது புதுமைக்குத் துணையா, தடையா?' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.